புயல் கரையைக் கடப்பது எங்கே? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: திங்களன்று சென்னை என்றார்கள், செவ்வாயன்று நெல்லூர், புதனன்று பாபட்லா. ஒரு புயலுக்கு மூன்று ஊரா? (சூளூர்பேட்டை வாசகர்)

பதில்: குற்றம் நம் கரையின் கிடப்பில் இருக்கிறது. சென்னையிலிருந்து நெல்லூர் தாண்டியும் கரை ஏறக்குறைய தெற்கு வடக்காக ஓடுகிறது. நேர் மேற்காக வரும் புயல் கரையை முட்டும். வடக்கு வடமேற்காக வருவது உரசிக்கொண்டே போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கரைக்கு 150 கி.மீ. கிழக்கே நிற்கும் புயல் நேராக வந்தால், திசை 10 டிகிரி பிசகினாலும் கரை தொடும் இடம் 26 கி.மீ.தான் நகரும். அதே புயல் கரையோடு 30 டிகிரி சாய்வில் வந்து, அது 20 டிகிரியாகக் குறைந்தால், இடம் 150 கி.மீ. வடக்கே போய்விடும்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் செய்தது இதைத்தான். கரையோரமாகவே ஏறி, 5-ஆம் தேதி பிற்பகல் பாபட்லா அருகே கடந்தது. ஆனால் மூழ்கியது அங்கிருந்து சுமார் 300 கி.மீ. தெற்கே உள்ள சென்னை. அமெரிக்காவின் ஹரிக்கேனும் இதே இனம்தான். 2004 ஆகஸ்டில் சார்லி, புளோரிடாவின் மேற்குக் கரையை ஒட்டிச் சாய்வாக ஏறியது. முன்னறிவிப்புப் படத்தின் நடுக்கோடு டாம்பாவைக் காட்ட, அது முன்னதாகவே வலப்பக்கம் திரும்பி, தெற்கே புன்டா கோர்டா பக்கம் அடித்தது. அந்த ஊரும் அந்தக் கோட்டைச் சுற்றி வரைந்த கூம்புக்குள்தான் இருந்தது. நடுக்கோட்டை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

கூம்பு என்பது புயலின் மையம் பெரும்பாலும் போகக்கூடிய எல்லை. மழைக்கும் காற்றுக்கும் அது எல்லை அல்ல. உங்கள் ஊர் கூம்புக்கு வெளியே இருந்தாலும் ஏரிக்கரையைப் பார்த்து வைப்பது நல்லது.

கேள்வி: சென்னைத் துறைமுகத்தில் 5-ஆம் எண் கூண்டு, கிருஷ்ணபட்டினத்தில் 6 என்றால் அங்கேதான் ஆபத்து அதிகமா? படகை என்ன செய்வது? (பழவேற்காடு வாசகர்)

பதில்: இல்லை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான்; எண் சொல்வது பக்கத்தை. புயல் போகும் திசையைப் பார்த்து நின்றால் துறைமுகம் இடப்பக்கம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, மையமே துறைமுகத்தின் மீதோ அருகிலோ வந்தால் 7. பெரும் ஆபத்தில் இதே வரிசை 8, 9, 10 ஆகும். மேற்கே வரும் புயலுக்கு இடப்பக்கம் தெற்கு. ஆகவே சென்னைக்கு 5, வடக்கே உள்ள கிருஷ்ணபட்டினத்துக்கு 6 என்றால், புயல் இரண்டுக்கும் நடுவே புகுகிறது. நீங்கள் இருப்பது அந்த நடுவில்தான்! எண்ணூர், காட்டுப்பள்ளி கூண்டுகளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மையம் உங்களுக்குத் தெற்கே கடந்தால் கொண்டல் காற்று (கிழக்கிலிருந்து வருவது) கடலைக் கரைக்குத் தள்ளும். முகத்துவாரம் வழியாக ஏரிக்குள்ளும் நீர் ஏறும். வடக்கே கடந்தால் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். சரியாகக் கட்டாத படகு கடலுக்குள் போய்விடும். எந்தப் பக்கம் என்று தெரியும்வரை இரண்டுக்கும் தயாராக இருங்கள். இன்ஜினைக் கழற்றி மேட்டு வீட்டில் வையுங்கள். பைபர் படகுகளை ஒட்டிக் கட்ட வேண்டாம். மோதி விளிம்பு உடையும். முன்னும் பின்னும் தனித்தனிக் கயிறு போடுங்கள்.

கேள்வி: மின்சாரமும் செல்போனும் போய்விட்டால், மையம் எந்தப் பக்கம் என்று எப்படி அறிவது? (ஆரம்பாக்கம் வாசகி)

பதில்: காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். மையம் ஏறக்குறைய உங்கள் இடக்கைப் பக்கம். காற்று திரும்பும் விதம் இன்னும் தெளிவாகச் சொல்லும்: வாடை (வடக்கிலிருந்து வரும் காற்று), கொண்டலாகி, பிறகு தென்கிழக்காக மாறினால் மையம் தெற்கே போகிறது. வாடை, வடமேற்காகி, மேற்காக மாறினால் வடக்கே போகிறது. வாடை திசை மாறாமல் வலுத்துக்கொண்டே வந்தால் மையம் உங்களை நோக்கியே வருகிறது. முகாமுக்குப் போவதை அந்த நேரம்வரை தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: காற்று சட்டென்று நின்றுவிட்டால் வெளியே வரலாமா? (தடா வாசகர்)

பதில்: வேண்டாம். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சில நிமிடமோ, ஒரு மணி நேரம் வரையோ அமைதி நீடிக்கும். பிறகு எதிர்த்திசையிலிருந்து காற்று ஒரேயடியாக வரும். வடக்குக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தால், அந்த இடைவெளியில் உள்ளே இருந்தபடியே தெற்குக் கதவுக்கும் கொடுத்துவிடுங்கள்.