உங்கள் கதையில் அல்சைமர் என்ற மறதி நோய் வந்து, காலையில் நடந்ததை மறக்கும் உளவாளிக்குப் பழைய சங்கேதக் குறி நினைவிருக்குமா?

இருக்கும், தைரியமாக எழுதுங்கள். அல்சைமரில் ஆரம்பத்திலேயே அடிபடுவது ஹிப்போகேம்பஸ், அதாவது புது நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதி. அதனால் புதியது பதியாது. வருடக்கணக்கில் கைபழகிய வேலை வெகுநாள் தங்கும்.

கதையை வாசித்தவர்கள் அவரை நம்பாததற்குக் காரணம், யாரோ தன்னைக் குறிவைக்கிறார்கள் என்ற அவருடைய சந்தேகமாக இருக்கலாம். அது கதையில் திடீரென்று குதிக்கிறது. நிஜத்தில் பெரும்பாலும் மறதியிலிருந்தே முளைக்கும்: சாவியை அவரே ஷூவுக்குள் ஒளித்துவைப்பார், மறப்பார், அப்புறம் "எவனோ உள்ளே வந்திருக்கிறான்" என்பார். ஒளிப்பது தொழில் பழக்கம் வேறு!

பின்தொடரும் ஆள் வரும் காட்சியை மகளின் பார்வையில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஆள் நிஜமாகவே பின்தொடர்கிறான், இல்லை அது அவருடைய சந்தேகம்தான் என்று இரண்டு விதமாகவும் பொருந்தினால் சரி.

ஒன்று, ஒரே இரவில் அவர் தலைகீழாகக் குழம்பினால் அல்சைமர் மட்டும் போதாது. சிறுநீர்த் தொற்று, புது மாத்திரை என்று ஏதாவது காரணம் வையுங்கள்.