கபோதம் என்றால் புறாதான்

வணக்கம் ஐயா,

காரைதீவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் திருப்பணி நடக்கிறது. கும்பாபிஷேக மலருக்காக விமானத்தின் உறுப்புகளைப் பற்றிக் கட்டுரை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். சுவருக்கு மேலே வெளியே வளைந்து நிற்கும் பகுதியைச் சிற்பாசாரி 'கபோதம்' என்றார். ஊர்ப் பெரியவர் ஒருவர், அது 'கபோலம்' என்பதன் திரிபு, கன்னம்போலப் புடைத்திருப்பதால் வந்த பெயர் என்கிறார். அகராதியிலோ கபோதத்துக்குப் புறா என்று போட்டிருக்கிறது. எது சரி? அதன்மேல் வரிசையாக இருக்கும் 'கூடு' புறாக்கூடுதானா?

அன்புள்ள சகோதரிக்கு,

அகராதியையே நம்புங்கள். கபோதம் வடசொல். புறா என்பதுதான் அதன் பொருள். கன்னத்தைக் குறிக்கும் கபோலம் வேறு சொல். ஒலியும் நெருங்கி, உருவமும் ஒத்துவருவதால் பெரியவருக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. மயமதம் முதலான சிற்பநூல்கள் கபோதம் என்றே எழுதுகின்றன.

கட்டடத்துக்கு ஏன் பறவையின் பெயர்? புறாவின் கழுத்து வளைவைப்போல இருப்பதால் என்று ஆசாரிமார் சொல்வதுண்டு. அழகான விளக்கம். ஆனால் எனக்கு அதைவிட எளிய காரணமே சரியாகப் படுகிறது: புறா வந்து உட்காரும் இடம் அது. வடமொழி நிகண்டான அமரகோசத்தில் 'கபோதபாலிகை' என்ற சொல் இருக்கிறது. புறாக்கள் தங்கும் விளிம்பைச் சொல்வது அது. கூரை சுவரைத் தாண்டி நீளும் இடத்தில் நிழலும் உண்டு, மழை மறைப்பும் உண்டு. புறா வேறு எங்கே போகும்?

இதே உறுப்புக்குத் தமிழில் 'கொடுங்கை' என்று பெயர். கொடு என்றால் வளைவு. கொடுமரம் என்று வில்லைச் சொல்கிறோம், கொடுவாள் என்கிறோம். வளைந்து நீண்ட கை, கொடுங்கை. வடமொழி அங்கே வந்து தங்குகிற உயிரைப் பார்த்துப் பெயர் வைத்தது, தமிழ் அதன் உருவத்தைப் பார்த்து வைத்தது.

அதற்காகத் தமிழ்ப் புலவர்கள் புறாவைப் பார்க்காமல் விட்டுவிடவில்லை. நெடுநல்வாடையில் விடாத மழை, வாடைக் குளிர். வீட்டில் வாழும் செங்கால் புறாச் சேவல், பெடையோடு மன்றுக்குப் போய் இரை தேட முடியாமல், இரவா பகலா என்று தெரியாமல் மயங்கி, 'மதலைப் பள்ளி'யில் இடம் மாறி மாறி இருக்கிறது. மதலைப் பள்ளி என்பது கொடுங்கையைத் தாங்கும் பலகை என்பது நச்சினார்க்கினியர் உரை. அதாவது, வடமொழிப் பெயர் சொல்லும் அதே இடத்தில், அதே புறா! மாரி காலத்தில் மட்டக்களப்பில் மூன்று நாள் விடாமல் பெய்யும்போது எந்தக் கோயில் வீதியிலும் நின்று அண்ணாந்து பாருங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நிற்கும் அந்தப் புறாவைக் காண்பீர்கள். அந்த வரிகளை நான் புரிந்துகொண்டது புத்தகத்தில் அல்ல, அப்படி நின்ற ஒரு மழை நாளில்தான்.

கபோதத்தை வெறும் அலங்காரம் என்று மலரில் எழுதிவிடாதீர்கள். அது முதலில் இறவாரம். சுவரில் மழை வழியாமல் தள்ளி விழச் செய்வதே அதன் வேலை. மரத்திலும் ஓலையிலும் செய்ததைப் பின்னால் கல்லில் செய்தார்கள். வேலை பாதி போய், அழகு முழுதாக மிஞ்சியது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலில் கொடுங்கையின் அடியில் மரச் சட்டங்களையும் ஆணிகளையும்கூடக் கல்லிலே செதுக்கி வைத்திருக்கிறார்கள். இங்கே இப்போது சீமெந்து. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு திருப்பணியில் பார்த்தேன்: தகரத்தில் வளைவாக வெட்டிய அச்சை ஈரச் சாந்தின்மேல் வைத்து, ஆசாரி மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். பன்னிரண்டு அடி நீளத்துக்கு வளைவு பிசிறில்லாமல் எழுந்து வந்தது. ஓரத்தில் தொங்கிய சாந்தைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு, "இதிலேதான் தண்ணி சொட்டும்" என்றார். இறவாரத்தை அவர் கை மறக்கவில்லை.

இனி கூடு. கபோதத்தின்மேல் கூடு என்றதும் புறாக்கூடு என்று எழுதத் தோன்றும், எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. ஆனால் அதன் பிறப்பு வேறு. அந்த லாட வடிவம், மரத்தை வளைத்துக் கட்டிய வண்டிக்கூடு போன்ற கூரையின் முகப்பிலிருந்து வந்தது. பீகாரில் பராபர் குன்றிலுள்ள லோமச ரிஷி குகையின் வாசலில் அந்த மர முகப்பை அப்படியே பாறையில் வெட்டியிருக்கிறார்கள், மௌரியர் காலத்து வேலை. பிறகு சைத்தியங்கள் எனப்படும் பௌத்த வழிபாட்டுக் கூடங்களின் பெரிய சாளரமாகி, சுருங்கிச் சுருங்கிக் கபோதத்தின்மேல் வந்து உட்கார்ந்தது. வடக்கே அதைக் கவாட்சம், பசுவின் கண், என்பார்கள். சிற்பநூலில் நாசிகை, மூக்கு. மாமல்லபுரத்தில் பல்லவர் கூடுகளுக்குள் மனித முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. சோழர் காலத்தில் கூட்டின் உச்சியில் சிங்கமுகம் ஏறிவிடுகிறது. உங்கள் கோயிலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் சிங்கமுகமாகத்தான் இருக்கும்.

மலரில் இரண்டு பெயர்களையும் போடுங்கள், கொடுங்கையை முதலில் போட்டால் எனக்கு மகிழ்ச்சி. சாரம் பிரிப்பதற்கு முன் யாரையாவது மேலே ஏற்றிக் கபோதத்தின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துவிடுங்கள். வர்ணம் பூசிச் சாரத்தை இறக்கிவிட்டால், அதைக் கிட்டப் பார்க்கிற வாய்ப்பு அடுத்த கும்பாபிஷேகத்துக்குத்தான்.