பன்னிரண்டரை வர வேண்டிய பிளாக் பன்னிரண்டேகால் ஆவது ஏன்?

கேள்வி: ஏற்காட்டுக் குளிருக்கு ஒட்டுத்துணி குவில்ட் போர்வை தைக்கிறேன். நாலரை இஞ்ச் சதுரங்கள் ஒன்பதைச் சேர்த்தால் பிளாக் 12½ இஞ்ச் வர வேண்டும். சிலது 12¼, சிலது 12 தான் வருகிறது. மூலைகளும் சேரவில்லை. மிஷினை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். அடுத்து முக்கோண டிசைன் தைக்க ஆசை. – வாசகி, ஏற்காடு

பதில்: மிஷினை மாற்றாதீர்கள். தையல் நேராக விழுந்தால் பழைய மிஷினே போதும்.

துணி ஓரத்திலிருந்து தையலுக்கு நீங்கள் பிடிக்க வேண்டியது கால் இஞ்ச், அதாவது இரண்டு நூல் (ஒரு நூல் என்பது ⅛ இஞ்ச்). அரை நூல் கூடினாலும் இரண்டு துணியிலும் சேர்த்து ஒரு தையலுக்கு ஒரு நூல் போய்விடும். பிளாக்கின் குறுக்கே இரண்டு தையல், ஆக இரண்டு நூல் போச்சு. அதுதான் உங்கள் 12¼. பன்னிரண்டு வந்தவற்றில் ஒரு முழு நூல் கூடியிருக்கிறது.

ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டி வெட்டித் தைத்து அயர்ன் செய்யுங்கள். நடுப்பட்டி சரியாக ஒரு இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் தையலை மயிரிழை வெளியே, துணி ஓரத்தை நோக்கித் தள்ளுங்கள். மடிப்பும் கொஞ்சம் துணியைத் தின்னும். சரியான இடம் கிடைத்ததும் மிஷின் தட்டில் மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டி, துணியை அதில் அணைத்தே ஓட்டுங்கள்.

நம் தையல் வகுப்புகளில் இதைச் சொல்லித் தருவதே இல்லை. ஜாக்கெட்டைப் பின்னால் பிரித்துப் பெரிசாக்கத் தாராளமாக உள்ளே விடச் சொல்லி, சான்றிதழையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவில் பிடிக்கப் பழக்காத வகுப்புக்குச் சான்றிதழ் எதற்கு?

இன்னொன்று. ‘பியூர் காட்டன்’ என்று வாட்ஸ்அப்பில் படம் காட்டி, துண்டுத் துணியைக் கிலோ கணக்கில் தள்ளிவிடும் தரகர்களிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். மூட்டையின் மேலே பருத்தி, அடியில் பாலியஸ்டர். சேலத்தில் கடைக்கே போய்த் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். சந்தேகம் வந்தால் ஒரு இழையைக் கொளுத்துங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். வெட்டியே விற்கும் சதுரங்கள் வேண்டவே வேண்டாம். அடுக்கி வெட்டும்போது அடித்துணி நகர்ந்திருக்கும். பருத்தியைத் துவைத்து, கஞ்சி போட்டு, நீங்களே வெட்டுங்கள்.

இப்போது முக்கோணம். இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சதுரத்துக்கு இரு பக்கமும் கால் கால் என்று அரை இஞ்ச் கூட்டினோமே, அது இங்கே பற்றாது. சாய்ந்த பக்கத்திலும் கால் இஞ்ச் தையலுக்கு வேண்டும். அதனால் கூர்முனைகள் இன்னும் நீளும். தைத்த பின் நாலு இஞ்ச் வேண்டுமானால் நாலு இஞ்ச் ஏழு நூலில் சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை இரண்டாக்க வேண்டும். வெட்டிய அந்தப் பக்கம் கிராஸ் துணி, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டியது, தொட்டாலே இழுபடும்.

அதனால் வெட்டும் முன்பே தைத்துவிடுங்கள். ஐந்து இஞ்ச் சதுரங்கள் இரண்டை நல்ல பக்கம் உள்ளே வருமாறு வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் இஞ்ச் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டுங்கள். இரண்டு சதுரம் கிடைக்கும். அயர்ன் பாக்ஸைத் தேய்க்காமல் அமுக்கி எடுத்து, தையல் கோடு மூலைகளில் சேருமாறு ஸ்கேலை வைத்து நாலரைக்குச் சீவுங்கள்.

தைத்து முடித்தவற்றில் 12¼ வந்ததெல்லாம் இருக்கட்டும். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் மூலைகள் சேரும். பன்னிரண்டு வந்ததை மட்டும் பிரித்து 12¼ வருமாறு தையுங்கள்.