கருப்பை வாய்ப் புற்றுநோய்: வாசகியர் கேள்விகள்

கருப்பை வாய்ப் புற்றுநோய் நாட்டில் குறைந்து வருவதாகப் படித்தேன். எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்கு வந்திருக்கிறதே, எதை நம்புவது?
– வாசகி, தங்கச்சிமடம்

இரண்டையும் நம்பலாம். குறைவது விகிதம், அதாவது லட்சம் பெண்களில் எத்தனை பேருக்கு வருகிறது என்ற கணக்கு. 1980களின் தொடக்கத்தில் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் பெண்களுக்கு வரும் புற்றுகளில் இதுவே முதலிடம். இன்று அந்த இடம் மார்பகப் புற்றுக்கு. பெண்களின் திருமண வயது கூடியதும் பிள்ளைப்பேறு குறைந்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள். ஆனால் மக்கள்தொகையும் ஆயுளும் கூடிவிட்டதால் நோயாளிகளின் எண்ணிக்கை அந்த அளவுக்கு இறங்கவில்லை. 2022க்கான உலக மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் இந்தியாவில் சுமார் 1,27,000 பேருக்குப் புதிதாக வந்தது, ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். எட்டுப் பேருக்கு வந்தால் ஐந்து பேர் இறக்கும் கணக்கு இது. இதை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸ் தொற்றியபின் புற்றாக மாறப் பெரும்பாலும் 10 முதல் 20 ஆண்டுகள் எடுக்கிற நோயில் இத்தனை சாவு நேரவே கூடாது. முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வருவதால்தான் இறக்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 30–49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது பரிசோதித்துக்கொண்டவர்கள் இந்தியாவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம்.

பாசி எடுக்க மணிக்கணக்கில் கடலுக்குள் நிற்கிறோம். வெள்ளைப்படுதல் தீரவே மாட்டேன் என்கிறது. உப்புத்தண்ணீரால் புற்று வருமா?
– வாசகி, சின்னப்பாலம்

வராது. இதற்குக் காரணம் ஹெச்பிவி என்ற வைரஸ். தாம்பத்திய உறவு வழியாகத் தொற்றுவது. ஈரத்துணியோடு நெடுநேரம் இருப்பதால் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வரலாம், அதற்கு மருந்து உண்டு. ஆனால் “உடம்புச் சூடு, கடல்தண்ணி” என்று தள்ளிப்போடாதீர்கள். நாற்றமடிக்கும் வெள்ளை, உறவுக்குப் பின் ரத்தம், இரண்டு மாதவிடாய்க்கு இடையில் ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

தொந்தரவே இல்லாவிட்டாலும் 30 வயதானால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தானே பாசிக்குப் போவீர்கள்? இடைப்பட்ட நாட்களில், மாதவிடாய் இல்லாத ஒரு நாளாகப் பாருங்கள். முந்தைய இரண்டு நாள் உறவும் உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்க்க வைத்து, பஞ்சில் தோய்த்துக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துச் செவிலியர் பார்ப்பார். மாறுதலடைந்த செல்கள் வெள்ளைத் திட்டாகத் தெரியும். வெறும் அழற்சியும் சில சமயம் வெளுத்துக் காட்டும். ஆகவே திட்டு என்றதும் புற்று என்று நினைத்து ஒடிந்துபோக வேண்டாம். பயந்து மேல்பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடவும் வேண்டாம். இந்த முறையில் நழுவிப்போகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் காட்டி, தேவைப்பட்டால் சதை எடுத்துச் சோதிப்பார்கள். புற்றுக்கு முந்தைய நிலை என்றால் உறையவைத்தோ சூடுவைத்தோ அன்றே அழித்துவிடலாம். அதன்பின் சில வாரம் நீர்போல வடியும். நான்கு வாரம் உறவு கூடாது. மறுபடி எப்போது கடலில் இறங்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய பெரிய ஆய்வில், இந்த எளிய சோதனையை ஒரே ஒரு முறை செய்ததிலேயே இந்தப் புற்றால் நேர்ந்த சாவு 35 சதவீதம் குறைந்தது.

அம்மாவுக்கு 58 வயது. மாதவிடாய் நின்று எட்டு வருடம். அவருக்கும் இதே சோதனையா?
– வாசகி, தேவிபட்டினம்

மாதவிடாய் நின்றபின் பார்க்கவேண்டிய பகுதி உள்ளே ஏறிவிடும். அமிலச் சோதனையில் சரியாகத் தெரியாது. ஹெச்பிவி சோதனை அல்லது பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ச் செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் சோதனை) கேளுங்கள். ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அடுத்த நாளே மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

மகளுக்கு 12 வயது. தடுப்பூசி எத்தனை முறை?
– வாசகி, கீழக்கரை

9 முதல் 14 வயதுக்குள் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 15 ஆகிவிட்டால் வழக்கமாக மூன்று: முதல் நாள், இரண்டாம் மாதம், ஆறாம் மாதம். 9 முதல் 14 வயதில் ஒரே தவணையும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றுக்கொண்டது. ஊசி போட்டவர்களும் 30 வயதில் சோதனைக்குப் போகத்தான் வேண்டும். எல்லா வகை வைரஸையும் அது தடுப்பதில்லை.