மின்சாரமும் வெப்பமும் ஒரே பில்லில்: எதற்கு எவ்வளவு?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நகர நிறுவனம் ஒன்றே மின்சாரத்தையும், குழாய்வழி வெந்நீர் மூலம் வெப்பத்தையும் வழங்குகிறது. சென்ற குளிர்காலத்தில் பெரும்பாலான நாள்கள், அந்த வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களை மூடியே வைத்திருந்தேன். ஆனால் வெப்பக் கட்டணம் சிறிதளவே குறைந்திருக்கிறது. கணக்கில் தவறு இருக்குமா?

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது மீட்டரை அல்ல, பில்லில் உள்ள நிலைக் கட்டணத்தை. வெப்பக் கட்டணத்தின் ஒரு பகுதியான இது, கட்டடத்துக்கு எத்தனை கிலோவாட் திறன் ஒதுக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தது. ரேடியேட்டரைத் திறந்தாலும் மூடினாலும் அத்தொகை மாறாது. பல கட்டடங்களில் இந்தத் திறன், சுவர்களும் ஜன்னல்களும் மேம்படுத்தப்படுவதற்கு முன் கணக்கிடப்பட்டதாகவே இருந்துவிடுகிறது. அதைக் குறைக்கும்படி கேட்கும் பொறுப்பு, நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துள்ள உரிமையாளரையோ குடியிருப்புச் சங்கத்தையோ சேர்ந்தது. நிறுவனம் தானாக முன்வந்து குறைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்தது, கட்டடத்துக்குள் நடக்கும் பங்கீடு. பொதுவாக நிறுவனத்தின் வெப்ப மீட்டர் அடித்தளத்தில் ஒன்றுதான் இருக்கும். உள்ளே வரும் நீரின் அளவையும், வந்தபோதும் திரும்பும்போதும் அதற்குள்ள வெப்பநிலை வேறுபாட்டையும் கொண்டு அது கிலோவாட் மணியைக் கணக்கிடுகிறது. ஒரு கன மீட்டர் நீர் 30 டிகிரி செல்சியஸ் குளிர்ந்து திரும்பினால், ஏறத்தாழ 35 கிலோவாட் மணி வெப்பத்தைக் கட்டடத்தில் விட்டுச் சென்றிருக்கிறது என்று பொருள். ஆனால் ஒவ்வொரு ரேடியேட்டரிலும் ஒட்டப்பட்டிருக்கும் சிறு கருவி ஆற்றலை அளப்பதில்லை. மொத்தச் செலவில் உங்கள் வீட்டின் பங்கைக் காட்டும் எண்ணை மட்டுமே தருகிறது. அந்த எண்ணைக் கிலோவாட் மணி என்று எண்ணிக்கொண்டு புகார் எழுதுபவர்கள் ஏராளம். மேலும், மொத்தச் செலவு முழுவதும் பயன்பாட்டின்படி பிரிக்கப்படுவதில்லை. எடுத்துக்காட்டாக, ஜெர்மனியின் விதிகளின்படி பொதுவாக 50 முதல் 70 சதவீதம் பயன்பாட்டின்படியும், எஞ்சியது பெரும்பாலும் வீட்டின் பரப்பளவின்படியும் பிரிக்கப்படுகிறது. நீங்கள் மிச்சப்படுத்தியது அந்த முதல் பகுதியில் மட்டும்தான் தெரியும்.

இவற்றுக்குப் பிறகும் ஐயம் தீரவில்லை என்றால், பில்லில் உள்ள ரீடிங் நேரில் எடுக்கப்பட்டதா, மதிப்பீடா என்று பாருங்கள். மதிப்பீடு என்றால், கருவியின் எண்ணைத் தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்து, திருத்தம் கோரி எழுத்துமூலம் அனுப்புங்கள்.

கேள்வி: வெப்ப இணைப்பைப் பயன்படுத்தாமல் மின் ஹீட்டர் வாங்கிக்கொண்டால் மலிவாக முடியும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சரியா?

பதில்: பெரும்பாலும் சரியல்ல. மின் ஹீட்டர் எந்த விலையுடையதாக இருந்தாலும், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பத்தையே தரும். எனவே உங்கள் பில்லிலேயே ஒரு கிலோவாட் மணி மின்சாரத்தின் விலையையும், ஒரு கிலோவாட் மணி வெப்பத்தின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வழக்கமாக மின்சாரமே கூடுதலாக இருக்கும். இதற்குக் காரணமும் உண்டு: எரிபொருளைக் கொண்டு மின்சாரம் மட்டும் தயாரிக்கும் அனல் நிலையங்கள் பலவற்றில் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கும் மேல் வெப்பமாக வீணாகிறது, இரண்டையும் சேர்த்துத் தயாரிக்கும் நிலையம் அந்த வெப்பத்தைக் குழாயில் விற்றுவிடுவதால், 80 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்த முடிகிறது. தவிர, ஹீட்டர் வாங்கினாலும் வெப்பத்தின் நிலைக் கட்டணம் உங்களை விடாது. வெளிக்காற்றிலோ நிலத்திலோ உள்ள வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் வெப்பப் பம்பின் கணக்கு வேறு. அது ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் தரக்கூடும். ஆனால் அடுக்குமாடியில் அது தனியொருவர் எடுக்கும் முடிவாக இருப்பது அரிது.

கேள்வி: நிறுவனத்தையே மாற்றிவிட முடியாதா?

பதில்: மின்சாரத்துக்குப் பல நாடுகளில் முடியும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 ஜூலை முதல் வீட்டு நுகர்வோருக்கும் இந்த உரிமை உண்டு. வெப்பத்துக்கு நடைமுறையில் முடியாது, ஏனெனில் தெருவில் ஒரே குழாய்தான் இருக்கிறது. ஆகையால் வெப்ப ஒப்பந்தத்தில் கால அளவையும், விலை எந்தச் சூத்திரத்தின்படி உயரும் என்பதையும் கவனமாகப் படியுங்கள். மின்சாரத்தை மட்டும் மாற்றுவதாயின், மாறும் நாளன்று மீட்டர் எண்ணைக் குறித்து இரு நிறுவனங்களுக்கும் அனுப்புங்கள். இரண்டுக்கும் சேர்த்து மாதாமாதம் செலுத்திவந்த முன்பணத்தைப் பிரித்துக் குறைக்கும்படி பழைய நிறுவனத்திடம் அப்போதே கேளுங்கள்.