ஆன்டெனா கூடினால் மின்சாரமும் கூடுமா? சில கேள்விகள், சில பதில்கள்

பல ஆன்டெனாக்களைக் கொண்டு தகவல் அனுப்பும் 'மிமோ' கருவிகளின் மின்செலவைக் குறைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ரேடியோ சுற்றுகளோடு பழகும் வேலை என்னுடையது. கணக்கு தேவைப்படும் இடத்தில் கணக்கையும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஓர் ஆன்டெனா ஒரு வாட் அனுப்புகிறது என்றால், நான்கு ஆன்டெனாக்கள் நான்கு வாட் அனுப்புமா?

அப்படி இல்லை. அந்த ஒரு வாட்டைத்தான் நான்கும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கால் வாட். நான்கு அலைகளின் ஏற்றமும் இறக்கமும் பெறுபவரிடம் ஒன்றோடொன்று பொருந்திப் போய்ச் சேரும்படி ஒழுங்கு செய்தால், அங்கே கிடைக்கும் சக்தி நான்கு மடங்காகிறது. வேறு விதமாகச் சொன்னால், பழைய அதே சிக்னல் போதும் என்றால் மொத்தமாகக் கால் வாட் அனுப்பினாலே போதும்.

ஆனால் காற்றில் போகும் சக்தி வேறு, சாக்கெட்டிலிருந்தோ பேட்டரியிலிருந்தோ எடுக்கும் சக்தி வேறு. ஒவ்வொரு ஆன்டெனாவுக்குப் பின்னாலும் பெருக்கி, கலப்பி, வடிகட்டி, அனலாக்கை டிஜிட்டலாக மாற்றும் சுற்று என்று ஒரு வரிசையே இருக்கிறது. அனுப்பும் சக்தி எவ்வளவு குறைந்தாலும், விழித்திருக்கும் வரை அது மின்சாரத்தை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். இனி வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டில்தான் வந்து நிற்கும்.

கேள்வி: முதுகலை மாணவி நான். என் கணக்கில் ஆன்டெனா கூடக்கூட மின்செலவு குறைந்துகொண்டே போகிறது. அது தவறு என்கிறார் வழிகாட்டி. எங்கே பிழை?

உங்கள் வழிகாட்டி சொல்வது சரி, அம்மா. காற்றில் போகும் சக்தியை மட்டும் கணக்கில் எடுத்திருப்பீர்கள். சுற்றுச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். விளக்கத்துக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒற்றை ஆன்டெனா 100 மில்லிவாட் அனுப்புகிறது, பெருக்கியின் திறன், அதாவது அது எடுக்கும் மின்சாரத்தில் அலையாக வெளியேறும் பங்கு, 25 விழுக்காடு. ஆக 400 மில்லிவாட். சுற்றுக்கு 150. மொத்தம் 550. நான்கு ஆன்டெனாக்களில் அனுப்ப வேண்டியது 25 மில்லிவாட், அதற்குப் பெருக்கிகள் எடுப்பது 100. சுற்றுகளுக்கு 600. மொத்தம் 700. நட்டம்தான்.

இப்போது தூரத்தை இரட்டிப்பாக்குங்கள். தூரத்தின் நான்காம் அடுக்கில் சிக்னல் தேயும் சூழலில் 16 மடங்கு சக்தி வேண்டும். ஒற்றை ஆன்டெனாவுக்கு 6,550 மில்லிவாட், நான்குக்கு 2,200. விடை தலைகீழாகிவிட்டது, பார்த்தீர்களா? கூய், கோல்ட்ஸ்மித், பஹாய் ஆகிய ஆய்வாளர்கள் 2004-இல் சென்சர் வலையமைப்புகளுக்காகக் காட்டியதும் இதைத்தான்: கிட்டத்தில் ஒற்றை ஆன்டெனா வெல்லலாம், எட்டத்தில் மிமோ வெல்லும். உங்கள் ஆய்வேட்டில் அந்த மாறும் புள்ளி எந்தத் தூரத்தில் வருகிறது என்று கண்டுபிடித்து எழுதுங்கள். வெறும் வரைபடத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: வைஃபை ரூட்டரோடு பேசும் மடிக்கணினியில் இதற்கு ஏதாவது வழி உண்டா?

உண்டு. 2009-இல் வந்த 802.11என் என்னும் வைஃபை தரத்திலேயே இருக்கிறது. கருவி ஒரே ஒரு பெறும் சுற்றை மட்டும் விழிக்க வைத்துவிட்டு மற்றவற்றை உறங்கவிடலாம். இதில் இரண்டு வகை. நிலையான வகையில் ஒற்றை ஓடையிலேயே (ஓடை என்பது ஒரே நேரத்தில் இணையாகப் போகும் தகவல் வரிசைகளில் ஒன்று) தொடர்ந்து பேசும். மாறும் வகையில், ரூட்டர் முதலில் 'அனுப்பலாமா' என்று ஒரு சிறு செய்தி அனுப்பும், அதைக் கேட்டதும் மற்ற சுற்றுகள் எழும். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. வேகத்தையும் பெரிதாக இழக்க வேண்டியதில்லை.

கேள்வி: என் 5ஜி செல்பேசியில் நான்கு பெறும் ஆன்டெனாக்கள். இரண்டை நானே அணைக்க முடியுமா?

பொதுவாக அந்த வசதி பயனருக்குத் தரப்படுவதில்லை. என்78 போன்ற 5ஜி அலைவரிசைப் பட்டைகளில் நான்கு பெறும் ஆன்டெனாக்கள் இருக்க வேண்டும் என்பதே தரத்தின் எதிர்பார்ப்பு. ஆனால் செல்பேசித் தரத்தின் 16-ஆம் வெளியீடு முதல், 'இப்போது இத்தனை ஓடைகளுக்கு மேல் அனுப்ப மாட்டேன்' என்று கோபுரமே சொல்லிவிட முடியும். செல்பேசி அதற்கேற்பச் சுருங்கிக்கொள்ளும். 'உனக்கு வேலை இருக்கிறது, எழுந்திரு' என்னும் விழிப்பு சிக்னலும் அதே வெளியீட்டில் வந்தது.

தரவே வராமல், வருமா வருமா என்று காத்துக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் பேட்டரியைத் தின்னும் பெரிய பகை. அதனால் நான்கு ஆன்டெனாக்களில் வேகமாக வாங்கி முடித்துவிட்டு ஆழ்ந்து உறங்குவது பல நேரங்களில் ஒன்றில் மெதுவாக இழுப்பதைவிட மலிவு.

கேள்வி: கோபுரத்தில் 64 சுற்றுகள். இரவில் பாதியை அணைப்பதற்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. 32-ஐ அணைத்தால் அவற்றின் பெருக்கிகளும் போகின்றன, எனவே மொத்தச் சக்தி பாதி. ஆன்டெனாக்கள் சேர்ந்து ஒரு திசையில் குவிக்கும் அலைக்கற்றையின் கூர்மையும் பாதி. இரண்டும் சேர்ந்து 6 டெசிபெல், அதாவது ஓரத்தில் இருப்பவருக்குச் சிக்னல் கால்பங்காகிறது. அவர் அவசரத்துக்கு அழைப்பவராகக்கூட இருக்கலாம். ஆகவே யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் அணைக்க வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து அல்ல.

அதற்கு முன் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று உண்டு: அனுப்ப ஒன்றும் இல்லாத நொடித் துணுக்குகளில் பெருக்கிகளை அணைப்பது. 4ஜியில் ஒவ்வொரு மில்லிநொடியிலும் பைலட் சிக்னல் (செல்பேசி அளந்து பார்க்க உதவும், முன்பே தெரிந்த சிக்னல்) போயாக வேண்டும் என்பதால் தூங்க இடமே இல்லை. 5ஜியில் செல்பேசி கோபுரத்தைக் கண்டுபிடித்து நேரம் பொருத்திக்கொள்ள உதவும் ஒத்திசைவுத் தொகுதி வழக்கமாக 20 மில்லிநொடிக்கு ஒரு முறைதான். இந்த இடைவெளியைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய வீண்செலவு.

கேள்வி: பெருக்கியின் திறன் ஏன் இவ்வளவு குறைவு?

இன்றைய சிக்னல்களின் உச்சம் சராசரியைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வரை எகிறும். உச்சம் சிதையக் கூடாது என்று பெருக்கியைச் சராசரியில் மிகத் தாழ்வாக ஓட்டுகிறோம். 'பி' வகைப் பெருக்கி உச்சத்தில் 78.5 விழுக்காடு தரும், பத்து மடங்கு தாழ்வில் கோட்பாட்டளவிலேயே 25-ஐ ஒட்டித்தான். இதற்கு 1936-இல் பெல் ஆய்வகத்தில் டோஹெர்ட்டி கண்ட தீர்வு இன்றும் கோபுரங்களில் வாழ்கிறது: சாதாரண நேரத்தில் ஒரு பெருக்கி, உச்சம் வரும்போது மட்டும் துணைக்கு இன்னொன்று. அதனால் வரும் சிதைவை டிஜிட்டல் முன்திருத்தம், அதாவது சிக்னலை முன்கூட்டியே எதிர்த்திசையில் வளைத்து அனுப்புவது, சரிசெய்கிறது.

கேள்வி: டிஜிட்டலாக மாற்றும் சுற்றில் ஒவ்வொரு அளவையும் ஒரே ஒரு பிட்டில் (இரண்டே நிலைகளில்) குறித்தால்?

ஒரு பிட் கூடினால் அந்தச் சுற்றின் மின்செலவு ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது நடைமுறைக் கணக்கு. ஆகவே ஆசை நியாயமானதே. சிக்னல் மெலிந்திருக்கும்போது ஒரு பிட்டால் வரும் இழப்பு சுமார் 2 டெசிபெல் மட்டும். ஆனால் பக்கத்து அலைவரிசையில் ஒரு வலிய சிக்னல் வந்து நின்றால், மெலிந்தது அதன் கீழே புதைந்துவிடும். ஒரு பிட்டுக்கு இறங்க நான் துணிய மாட்டேன். சில பிட்களிலேயே நின்றுகொள்வேன்.

கேள்வி: மின்செலவை எதைக் கொண்டு அளப்பது?

பிட் ஒன்றுக்கு எத்தனை ஜூல் என்று. ஆனால் முழுச் சுமையில் மட்டும் அளந்து நிறுத்திவிடாதீர்கள், அந்த எண் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டு, எடுத்த மொத்த ஜூலை அனுப்பிய மொத்த பிட்டால் வகுங்கள். கூடவே, ஒன்றும் அனுப்பாமல் நிற்கும்போது எத்தனை வாட் எடுக்கிறது என்பதைத் தனியாக எழுதி வையுங்கள்.