பதிவை நிறுத்திக் கேட்கும் ஆள்

அன்புள்ள அம்மாவுக்கு,

சைக்காலஜியில் இளங்கலை முடித்துவிட்டேன். கிளினிக்கல் சைக்காலஜி மேற்படிப்புக்கு இரண்டு இடங்களில் அழைத்திருக்கிறார்கள். ஒன்று ஆராய்ச்சிக்குப் பெயர்போன பல்கலைக்கழகம். இன்னொன்று சிறிய துறை, ஆனால் சொந்தமாகச் சிகிச்சை மையம் நடத்துகிறார்கள். சிகிச்சையாளராக வேண்டும் என்பதுதான் என் ஆசை. கேட்கிறவர்கள் எல்லாம் பெரிய பெயரையே சொல்கிறார்கள். எதை எடுக்கட்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒரு வேலை. நீங்கள் எங்கே தொழில் செய்யப் போகிறீர்களோ, அங்கே உரிமம் வழங்கும் அமைப்பு இந்த இரண்டு படிப்புகளையும் ஏற்கிறதா என்று பாருங்கள். பெயரில் சைக்காலஜி இருக்கிற எல்லாப் பட்டத்துக்கும் உரிமம் கிடைத்துவிடாது. சேர்ந்த பிறகு தெரிந்தால் வருடங்கள் போய்விடும்.

உங்கள் குழப்பம் இந்தத் துறைக்கே பழகியதுதான். 1949இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கூடியவர்கள், கிளினிக்கல் சைக்காலஜி படிப்பவர் ஆராய்ச்சி, சிகிச்சை இரண்டிலும் தேற வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1973இல் அதே நாட்டின் வேய்ல் நகரில் கூடிய மாநாடு, சிகிச்சைப் பயிற்சிக்கே முதலிடம் தரும் படிப்பையும் ஏற்றுக்கொண்டது. அங்கே பிஎச்.டி.க்குப் பக்கத்தில் சை.டி. என்ற, சிகிச்சைத் தொழிலுக்கான முனைவர் பட்டம் வேரூன்றியது இப்படித்தான்.

அதற்காக ஆராய்ச்சியைத் தள்ளிவிடாதீர்கள். உளவியல் சிகிச்சையால் பலன் என்பதற்குச் சான்று இல்லை என்று 1952இல் ஐசெங்க் என்ற உளவியலாளர் எழுதினார். கோபப்பட்டவர்கள் நிறையப் பேர். ஆனால் 1977இல் ஸ்மித், கிளாஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏறக்குறைய 400 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்குப் போட்டு, பலன் உண்டு என்று காட்டிய பிறகுதான் பேச்சுக்கு ஒரு பிடி கிடைத்தது. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து எடைபோடத் தெரியாத சிகிச்சையாளரிடம் நான் போகமாட்டேன்.

சரி, எதை எடுப்பது? நான் பயிற்சியில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். சிகிச்சைக்கு வந்தவரின் அனுமதியோடு எடுத்த ஒலிப்பதிவை என் மேற்பார்வையாளரும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம். "அப்பா போனதுக்கப்புறம்..." என்று சிகிச்சைக்கு வந்தவர் இழுத்து நிறுத்துகிறார். உடனே என் குரல்: "தூக்கம் எப்படி இருக்கு?" மேற்பார்வையாளர் பதிவை நிறுத்தினார். "அந்த மௌனம் யாருக்குத் தாங்கலை?" என்று கேட்டார். எனக்கு முகம் சுண்டிப்போனது. திரும்ப ஓடவிட்டு எண்ணினோம். நாலே நொடி. அவரை அழவிடாமல் நான்தான் தடுத்திருக்கிறேன். அதற்கு முன் நான் வாங்கியிருந்த மதிப்பெண் எதிலும் இது தெரியவந்ததில்லை.

இப்படி உட்கார்ந்து கேட்க ஆள் இருக்கிற இடத்துக்குப் போங்கள். துறைத் தலைவரிடம் விசாரித்தால் எல்லாம் இருக்கிறது என்றுதான் சொல்வார். கடைசி வருடத்தில் இருக்கும் மாணவரைப் பிடியுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தனி மேற்பார்வை? பதிவை யாராவது கேட்கிறார்களா, இல்லை நீங்கள் எழுதிக் கொடுக்கும் குறிப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்களா? நடுவில் விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள்? அப்புறம், முடிக்கும்போது கடன் எவ்வளவு? இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

உரிமத்தில் சிக்கல் இல்லையென்றால் என் மனம் அந்தச் சிறிய துறைப் பக்கம்தான் சாய்கிறது. ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். சிகிச்சை அறையை ஒருவழிக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் அறை ஒன்று இருந்தால், அங்கே நாற்காலி போட்டிருக்கிறதா, இல்லை பழைய பெட்டிகளை அடுக்கிவைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.